மரகதத்தின் ஒன்பதாம் கதவு

தொடரைத் தன் கையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதைவிட, அதை யாரிடம் கொடுத்தார்கள் என்பதுதான் தனுஷ்கோடிக்கு அதிகம் உறைத்தது.

தனுஷ்கோடி ராஜபாளையத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர். 1992-ல் உள்ளூர்க் கேபிள் டிவி நடத்திவந்த ஐயாதுரை அண்ணாச்சி அவரைக் கூப்பிட்டு, சினிமாவும் பாட்டுமாகவே போட்டு அலுத்துவிட்டது, நம் ஊருக்கென்று ஒரு தொடர் எடுக்கலாமா என்று கேட்டார். மாமியார் மருமகள் கதை ஏதாவது வரும் என்று அவர் எதிர்பார்த்தார். தனுஷ்கோடி சொன்னது விண்வெளிக் கதை. பூமியைவிட்டுக் கிளம்பித் தலைமுறைகள் கடந்து, எங்கே போகிறோம் என்பதே மறந்துபோன ஒரு கப்பல். பெயர் மரகதம். ஐயாதுரை முழுவதையும் கேட்டுவிட்டு, கப்பலுக்கு எங்கே போவது என்று மட்டும் கேட்டார்.

கப்பல் பக்கத்திலேயே இருந்தது. சத்திரப்பட்டி போகும் வழியில் பல வருடமாக மூடிக்கிடந்த ஒரு பருத்தி ஜின்னிங் ஆலை. இயந்திரங்களை விற்றுவிட்டாலும், சுவரில் பதித்த மீட்டர்களும் தடித்த இரும்புக் குழாய்களும் ஆள் உயரச் சக்கரங்களும் அப்படியே இருந்தன. விளக்கின்மேல் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டியதும் ஆலை பூமியைவிட்டுக் கிளம்பிவிட்டது. சத்திரப்பட்டியில் தறியில் ஓடும் பேண்டேஜ் துணியை வாங்கி நீலத்தில் முக்கி எல்லோருக்கும் உடை தைத்தார்கள். நூற்பாலையில் ஃபிட்டராக இருந்த சௌந்தரபாண்டியன் கேப்டன் ஆனார். கப்பலின் கம்ப்யூட்டருக்கு உருவம் கிடையாது, குரல் மட்டும். அந்தக் குரல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் பாடம் எடுத்த கிருபாபாய் டீச்சருடையது. தனுஷ்கோடி எழுதி அனுப்பும் வசனத்தை அவர் வீட்டில் உட்கார்ந்து டேப் ரெக்கார்டரில் பேசிக் கொடுத்துவிடுவார். "பிராணவாயுவின் அளவு போதுமானதாக உள்ளது" என்று ஏற்ற இறக்கம் இல்லாமல் அவர் சொல்லும்போது, ராஜபாளையத்தில் பல வீடுகளில் ஆட்கள் தங்களை அறியாமல் ஒரு மூச்சு இழுத்து விட்டுக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை ராஜபாளையத்தில் ஒளிபரப்பு. மறுநாள் காலை அதே கேசட் பஸ்ஸேறி ஸ்ரீவில்லிபுத்தூர் போகும். அங்குள்ள கேபிள்காரர் சனிக்கிழமை மாலை போடுவார். அதனால் ராஜபாளையத்தில் நடந்ததை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முந்திக்கொண்டு சொல்லிவிடுவது ஒரு பெரிய குற்றமாகக் கருதப்பட்டது. இங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமையன்று பஸ்ஸில் வாயைத் திறக்க மாட்டார்கள்.

தொடரில் ஊரையே பிடித்து வைத்திருந்தது ஒரு கதவு. ஆலையின் பின்கோடியில் துருப்பிடித்து இறுகிப்போன இரும்புக் கதவு அது. படப்பிடிப்பின் முதல் நாளே கடப்பாரை போட்டு நெம்பிப் பார்த்தார்கள். கடப்பாரைதான் வளைந்தது. எந்தக் கோணத்தில் கேமராவை வைத்தாலும் அந்தக் கதவு வந்து நின்றதால், தனுஷ்கோடி அதில் ஒன்பது என்று வெள்ளையில் எழுதி, "ஒன்பதாம் அறையை யாரும் திறக்கக் கூடாது" என்று கேப்டனுக்கு ஒரு வசனம் வைத்தார். அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை. ஆனால் பார்த்தவர்கள் யோசித்தார்கள். முதல் கேப்டனின் பிணம் இருக்கிறது என்றார்கள் சிலர். பூமிக்குத் திரும்பும் வரைபடம் இருக்கிறது என்றார்கள் சிலர். தனுஷ்கோடி கல்யாண மண்டபத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால், மாப்பிள்ளை வீட்டாரே வழிமறித்து உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு நாலு வருடத்தில் பழகிப்போய்விட்டது. தனக்கு ஏதோ தெரியும் என்று அவரே பாதி நம்பத் தொடங்கியிருந்தார்.

96-ல் டிஷ் ஆன்டெனா வழியாகப் புதுச் சேனல்கள் நிறைய வந்துவிட்டன. அதே சமயத்தில் தனுஷ்கோடி மரகதத்தை இருட்டில் நிறுத்தியிருந்தார். எஞ்சின் ஓடுகிறது, கப்பல் நகரவில்லை. காரணம் தெரியாமல் உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாரக்கணக்கில் இதுவே போனது. அந்த அமைதி அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு நாள் ஐயாதுரை அவரை ஆபீசுக்கு வரச் சொன்னார்.

"தனுஷ்கோடி, கப்பல் நின்னு எம்புட்டு நாளாச்சு?"

"நிக்கதுதான் கதை அண்ணாச்சி."

"எனக்குப் புரியுது. பாக்கவியளுக்குப் புரியணும்லா? நீ கொஞ்ச நாள் ஒதுங்கி இரு. டீச்சர்கிட்டச் சொல்லியிருக்கேன். இனிமே அவிய எழுதி எடுக்கட்டும்."

தனுஷ்கோடி எந்த டீச்சர் என்று கேட்டார். தெரிந்தேதான் கேட்டார். தான் எழுதிக் கொடுத்ததை வாசித்த குரல், இனிமேல் தானே எழுதப்போகிறது. அவர் எழுந்து, தன் சொந்தக் கேமராவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்ததும் மாடியேறி, கேபிள் ஒயரைக் கழற்றிச் சுருட்டி ஆணியில் மாட்டினார். மனைவி பரிபூரணம் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு முகம் கழுவி, பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த வாரத்திலேயே கிருபாபாய் டீச்சர் வந்தார். நாற்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். குரலுக்குச் சம்பந்தமே இல்லாத வேகமான பேச்சு. தான் கேட்டு வாங்கவில்லை, அண்ணாச்சி கேட்டபோது மறுக்கவும் முடியவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணே, ஒன்பதாம் கதவுக்குப் பின்னால என்ன வச்சிருக்கீங்க?"

தனுஷ்கோடிக்கு அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லத் தோன்றவில்லை. இத்தனை வருடம் ஊரே கேட்டது, அவரிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

"அது என்னோட போகட்டும் டீச்சர்," என்றார்.

டீச்சர் அவர் முகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, சரி என்று எழுந்துகொண்டார். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார்.

அதன்பிறகு மரகதம் என்ன ஆனது என்று தனுஷ்கோடி யாரிடமும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து திரும்பி வரும் பரிபூரணம் தானாகச் சொல்லவும் மாட்டாள். சாப்பாடு போடும்போது அவள் முகத்தில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். அவர் அதைக் கவனிக்காததுபோல் சோற்றைப் பிசைவார். தொடர் நாசமாய்ப் போயிருக்கும் என்று முதலில் நினைத்தார். அப்படிப் போயிருந்தால் யாராவது தன்னிடம் வந்து வருத்தப்பட்டிருப்பார்களே என்று பிறகு தோன்றியது. யாரும் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம். தனுஷ்கோடி பந்தியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கேமராவைப் பார்க்கவே இல்லை. எல்லோரும் ஒரே விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். வீரணன் என்ற பாத்திரக்கடைக்காரர், கையில் அப்பளத்தை வைத்துக்கொண்டு, "கப்பலுக்குள்ள ஆடு எப்படிய்யா வரும்?" என்றார். எதிரே இருந்தவர், அது கப்பலுக்குள் இல்லை, கப்பலுக்கு வெளியே என்றார். வெளியே விண்வெளிதானே என்றார் வீரணன். அப்படியென்றால் மேலே வானம் தெரிந்ததே, அது என்ன என்று இன்னொருவர் கேட்டார். தனுஷ்கோடி கேமராவைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார். ஆடா? கதவைத் திறந்துவிட்டார்களா? கேள்வி வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவரைப் பார்த்ததும் அவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். வீரணன் சங்கடத்தோடு மோர் கேட்டார்.

கல்யாண வேலை முடிந்து கேமராவை வீட்டில் வைத்தபோது அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்காவைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று, ஒரு எட்டுப் போய்விட்டு வாரேன் என்றார். சனிக்கிழமை மாலை ஸ்ரீவில்லிபுத்தூரில் என்ன ஓடும் என்பது பரிபூரணத்துக்குத் தெரியும். "அக்காவ ரொம்பக் கேட்டேன்னு சொல்லுங்க," என்று மட்டும் சொன்னாள்.

ரத்தினம் அக்காவின் வீடு தேரடிக்குப் பக்கத்துத் தெருவில். தம்பியைப் பார்த்ததில் அக்காவுக்குச் சந்தோஷம்தான், ஆனால் டிவிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் உட்கார்ந்த அவசரம் அவளுக்கு விளங்கவில்லை.

"ஏலே, நீ எடுக்க நாடகந்தான இது? இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்த?"

"இப்ப நான் எடுக்கலக்கா."

"எடுக்கலையா? பொறவு யாரு எடுக்கா?"

அவர் சொன்னார். அக்கா சேலை முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு, "நல்லாத்தான இருக்கு," என்றாள். சொன்ன பிறகுதான் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். காப்பி போட எழுந்து போய்விட்டாள்.

தொடர் தொடங்கியது. தனுஷ்கோடி எதிர்பார்த்தது, தான் நிறுத்திய கப்பலை டீச்சர் முதல் வேலையாக ஓட்டிவிட்டிருப்பார் என்பதை. அப்படி இல்லை. மரகதம் இன்னும் அதே இருட்டில்தான் நின்றுகொண்டிருந்தது. ஆனால் உள்ளே இருப்பவர்கள் இப்போது சும்மா இல்லை. எஞ்சின் ஓடியும் ஏன் நகரவில்லை என்று ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். பழுது எங்குமே இல்லை. பார்க்காத இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். கப்பலை நிறுத்தி அவர் எடுத்த அந்த வாரங்களில் எதுவும் வீணாகவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

கேப்டன் ஒன்பதாம் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். நீல உடை போட்ட ஒரு ஆள் கேஸ் கட்டரைப் பற்றவைத்தார். நட்போல்ட் பட்டறை மொக்கைச்சாமி அது என்று தனுஷ்கோடிக்கு அடையாளம் தெரிந்தது. தீப்பொறி கொட்டியது. கேமரா ஆடிக்கொண்டே இருந்தது. பிடித்திருப்பவன் கேபிள் லைன்மேன் மாரிசாமியாக இருக்க வேண்டும். கதவு சரிந்து விழுந்தது. தூசி அடங்கியதும் திரையெங்கும் வெள்ளை வெளிச்சம்.

உள்ளே கூரை இல்லை. பின்சுவரில் பாதியும் இல்லை. தரை பிளந்து ஒரு வேப்பமரம் வளர்ந்து நின்றது. மரத்தடியில் நாலைந்து வெள்ளாடுகள். அவை தலையைத் தூக்கிக் கேப்டனைப் பார்த்தன. கேப்டன் அவற்றைப் பார்த்தார். சௌந்தரபாண்டியனைத் தனுஷ்கோடி நாலு வருடம் இயக்கியிருக்கிறார். ஆச்சரியத்தைக் காட்டச் சொன்னால் புருவத்தை மட்டும் தூக்குவார். இப்போது அவர் வாய் திறந்திருந்தது. அண்ணாந்து பார்த்து, "மரகதம், இது எந்த இடம்?" என்று கேட்டார்.

ஒரு ஆடு கத்தியது. பிறகு கம்ப்யூட்டரின் குரல் வந்தது, எப்போதும்போல் ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"எனக்குத் தெரியவில்லை."

நாலு வருடத்தில் மரகதம் அப்படிச் சொன்னதே இல்லை. அக்கா காப்பித் தம்ளரை நீட்டியதைத் தனுஷ்கோடி பார்க்கவில்லை.

ராத்திரி அங்கேயே தங்கினார். மறுநாள் மதியம், ஞாயிறு ஆராதனை முடிந்து டீச்சர் திரும்பியிருக்கும் நேரம் பார்த்து, சர்ச் தெருவில் வீடு விசாரித்துக்கொண்டு போனார். கிருபாபாய் அவரை எதிர்பார்த்ததுபோலவும் இல்லை, ஆச்சரியப்பட்டதுபோலவும் இல்லை. பார்த்தீர்களா என்றார். பார்த்தேன் என்றார் தனுஷ்கோடி.

முதலில் ஆடுகளைப் பற்றித்தான் கேட்டார். டீச்சர் நடந்ததைச் சொன்னார். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. ஆலைக்குப் பின்பக்கம் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக்கிடந்ததால் யாரும் சுற்றிப் போனதில்லை. போக வேண்டாம் என்று டீச்சரே எல்லோரையும் தடுத்துவிட்டார். என்ன வந்தாலும் கேமராவை நிறுத்தாதே என்று மாரிசாமியிடம் சொல்லிவிட்டு, கதவை அறுக்கச் சொன்னார். கேப்டன் கேட்ட கேள்வி எழுதிக் கொடுத்தது இல்லை. சௌந்தரபாண்டியன் தானாகக் கேட்டது. அதற்குப் பதிலைப் பதிவு செய்ய வீட்டில் டேப் ரெக்கார்டருக்கு முன்னால் உட்கார்ந்தவருக்கு, எத்தனை பதில் யோசித்தும் பொய்யாகவே தோன்றியது.

"நானா ஒண்ண நெனச்சு உள்ள வச்சிருந்தா, நீங்க வச்சா இதவிட நல்லாருந்திருக்குமோன்னு எனக்கே இருந்துட்டிருக்கும். அதான் கதவே சொல்லட்டும்னு விட்டேன்," என்றார் டீச்சர்.

தனுஷ்கோடி தரையைப் பார்த்தார். "நான் ஒண்ணும் வைக்கல டீச்சர். கதவு தொறக்கல, அதனால எழுதினேன். எனக்கு எதுவுமே தெரியாது."

"அது எனக்குத் தெரியும்ணே."

"எப்படி?"

"நாலு வருசமா உங்க வசனத்தத்தான வாசிச்சிட்டிருக்கேன். தெரிஞ்சத மறைக்கும்போது நீங்க சின்னச் சின்ன வாக்கியமா எழுதுவீங்க. கதவப் பத்தி வர எடம் எல்லாம் நீளமா இருக்கும்."

அவருக்கு முதலில் கோபம் வந்தது. அது எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் தானாகவே இறங்கியது. தன் வாக்கியத்தை இவ்வளவு கவனமாக இன்னொருவர் படித்ததில்லை என்று நினைத்தார்.

அப்புறம், வந்த காரியத்தைக் கேட்டார். கப்பல் பூமியைவிட்டுக் கிளம்பவே இல்லையா? அல்லது வேறெங்கோ வந்து இறங்கிவிட்டதா? டீச்சர் இன்னும் முடிவு செய்யவில்லை என்றார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். தனுஷ்கோடி ராத்திரி முழுக்க அக்கா வீட்டில் புரண்டு படுத்து யோசித்து வைத்திருந்தார். நல்ல யோசனை என்றே அவருக்குத் தோன்றியது. சொல்ல வாயெடுத்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"வேண்டாம். நான் சொன்னா நீங்க அதையே எடுப்பீங்க, இல்ல அதுல இருந்து ஒதுங்கிப் போவீங்க. ரெண்டுல எது நடந்தாலும் அடுத்த வாரம் என்ன வருங்கது எனக்குத் தெரிஞ்சு போயிரும். நேத்து அக்கா வீட்ல உக்காந்து பாத்தேன் பாருங்க, அது போயிரும்."

டீச்சர் அதை ஏற்றுக்கொண்டார். பிறகு, மாரிசாமி நல்ல பையன், ஆனால் அவன் கையில் படம் ஆடுகிறது, கேமராவுக்கு ஆள் வேண்டும் என்றார். கதை சொல்லாமல் கேமரா பிடிக்க முடியுமா என்று தனுஷ்கோடி கேட்டார். எங்கே வைக்க வேண்டும், யார் எந்தப் பக்கமிருந்து வருவார்கள் என்பது மட்டும் போதாதா என்றார் டீச்சர்.

அப்படித்தான் அவர் திரும்பிப் போனார். ஐயாதுரை அண்ணாச்சி நடுவில் எதுவுமே நடக்காததுபோல், லைட்டுக்குப் புது ஒயர் வாங்கிப் போட்டிருக்கிறது, பார்த்துக்கொள் என்றார். சௌந்தரபாண்டியனுக்குத்தான் விசித்திரமாக இருந்தது. வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு அவர் பக்கத்தில் வந்தால், தனுஷ்கோடி காதைப் பொத்திக்கொண்டு அடுத்த பக்கம் போய்விடுவார்.

முதல் நாள் படப்பிடிப்பு அந்தக் கூரையில்லாத அறையில்தான். கேமராவை மரத்துக்கு எதிரே வைக்கச் சொன்னார் டீச்சர். இடிந்த சுவர் வழியாக ஒருவர் வருவார் என்றார். யார் என்று சொல்லவில்லை.

வந்தது வெள்ளத்தாய். ஆடுகள் அவளுடையவை. கதவை அறுத்த அன்று ஆடுகளைக் காணாமல் தேடி வந்து எல்லோரையும் ஏசிவிட்டுப் போனவளை, டீச்சர் வீடு தேடிப் போய்ப் பேசி அழைத்து வந்திருந்தார். கேமரா என்று அவள் பயப்படவும் இல்லை, அதைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நீல உடையில் நின்ற கேப்டனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மா, இது பூமியா?" என்று கேப்டன் கேட்டார்.

வெள்ளத்தாய்க்கு வசனம் எதுவும் கொடுத்திருக்கவில்லை. கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுய்யா. நாங்க இங்கனதான் இருக்கோம். நீங்க எங்க இருந்து வாரீக?"

கேப்டன் திரும்பி, அறுபட்டு விழுந்த கதவையும் அதற்குப் பின்னால் இருட்டாகக் கிடந்த கப்பலையும் பார்த்தார். என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தனுஷ்கோடிக்கும் தெரியவில்லை. கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல், கேப்டன் முகத்தை நோக்கி மெல்ல ஜூம் செய்தார்.